பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்

காலை பத்தரை மணி. ஒரு மாவட்டத் தலைநகரின் நீதிமன்ற வளாகம். மகிளா நீதிமன்றத்துக்கு வெளியே கிடக்கும் மர பெஞ்சில் அம்மாவும் மகளும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மகளுக்கு இருபது வயது இருக்கலாம். துப்பட்டாவைத் தலையோடு சுற்றிப் பாதி முகத்தை மறைத்திருக்கிறார். அம்மாவின் மடியில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் சம்மன், ஆதார் நகல், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழியத் தொடங்கிவிட்ட எஃப்.ஐ.ஆர். நகல். பத்தடி தள்ளித் தூணில் சாய்ந்து நிற்கிறான் ஜாமீனில் வந்திருக்கும் எதிரி. கூட அவன் உறவுக்காரர்கள் நாலைந்து பேர். யாரும் எதுவும் பேசவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

டவாலி வெளியே வருகிறார். வழக்கு எண்ணைச் சொல்லி, அந்தப் பெண்ணின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுகிறார். தாழ்வாரமே திரும்பிப் பார்க்கிறது. ஜீவனாம்சத்துக்கு வந்தவர்கள், செக் மோசடி வழக்குக்கு வந்தவர்கள், டீ டம்ளர் எடுக்க வந்த பையன் எல்லோருக்கும் இப்போது அந்தப் பெயர் தெரியும்.

உள்ளே நடக்கப்போவது மூடிய அறை விசாரணை. பாலியல் வன்கொடுமை வழக்கைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடத்த வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 366-வது பிரிவு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 72-வது பிரிவு. இரண்டு சட்டமும் அந்த அறைக்குள் அலமாரியில் இருக்கின்றன. பெயர் மட்டும் வராந்தாவில் ஒலித்து முடிந்துவிட்டது.

பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட தாழ்வாரங்களில் உட்கார்ந்து வருகிறேன். அங்கே எனக்குப் புரிந்தது இது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு இந்நாட்டுச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமைகள் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் அவற்றில் ஒன்றுகூடத் தானாக நடந்து அவரிடம் வருவதில்லை. கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் எழுத்தில் கேட்டால்தான். கேட்கும் பொறுப்பையோ, கேட்கவே தெம்பில்லாத நிலையில் இருப்பவர் தலையில் கட்டியிருக்கிறோம்.

கோர்ட்டுக்குள் போனதும் அவருடைய பெயரே மாறிவிடுகிறது. அ.சா.1. அரசுத் தரப்பு சாட்சி எண் 1. குற்றம் என்பது அரசுக்கு எதிரானது, வழக்கை நடத்துவது அரசு என்பது நம் குற்றவியல் சட்டத்தின் அடிப்படை. அதனால் தன் உடம்புக்கு நேர்ந்த கொடுமையில் அவர் வாதி அல்ல. பார்த்ததைச் சொல்ல வந்த ஒரு சாட்சி. ஐம்பது ஆண்டுகளாகப் பெண்கள் அமைப்புகளும் ஒருசில வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் போராடியதெல்லாம் இந்த 'சாட்சி' என்ற சொல்லுக்குள் ஒரு மனுஷியை உட்காரவைக்கத்தான்.

1972-ல் மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடி இளம்பெண், காவல் நிலையத்துக்குள்ளேயே காவலர்களால் சீரழிக்கப்பட்டதாகப் புகார் சொன்னார். உடம்பில் காயமில்லை, அவர் கூச்சல் போடவில்லை என்பதையெல்லாம் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பைக் கண்டித்து 1979-ல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருந்தியது. காவலில் நடந்த வன்கொடுமையில் பெண் 'சம்மதிக்கவில்லை' என்று சொன்னால், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று வந்தது. அடையாளத்தை வெளியிடுவது குற்றமானதும் அந்தத் திருத்தத்தில்தான். 2012 டிசம்பரில் தில்லி பேருந்தில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு அறிக்கை தர, 2013-ல் அடுத்த பெரிய திருத்தம் வந்தது. உடல் ரீதியாக எதிர்க்காததாலேயே ஒரு பெண் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்று இன்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. நம் காவல் நிலையங்களில் ஏட்டுகள் இன்னமும் '376 கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள். புது எண் 64.

சி.எஸ்.ஆர். போதுமே அம்மா!

எல்லாம் தொடங்குவது ஸ்டேஷனில். பெரும்பாலும் முடிந்துபோவதும் அங்கேதான்.

புகாரோடு போகும் குடும்பத்துக்கு முதலில் கிடைப்பது நாற்காலி அல்ல, அறிவுரை. "பொண்ணு வாழ்க்கை இருக்கு, யோசிச்சுக்கங்க", "அவங்க வீட்டுப் பெரியவங்களைக் கூப்பிட்டுப் பேசிடலாம்", "ஏரியா எங்க லிமிட் இல்லையே". அப்படியும் நகராமல் நிற்கிறவர்களுக்கு ஒரு ரசீது எழுதிக் கையில் கொடுப்பார்கள். சி.எஸ்.ஆர். என்று பெயர். காகிதத்தில் சீல் இருக்கிறது, எண் இருக்கிறது. கேஸ் போட்டாச்சு என்று நம்பி வீட்டுக்குப் போகிறவர்கள் ஆயிரம் பேர். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ஒப்புகை, அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது, எந்த நீதிமன்றத்துக்கும் போகாது. எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் சட்டத்தின் சக்கரம் ஒரு பல்லாவது நகரும்.

இங்கே சட்டம் தெளிவாகப் பேசுகிறது. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பெண் காவலர் அல்லது பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். எல்லை பார்க்காமல் பதிந்து, உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பது இதுதான். பாதிக்கப்பட்டவர் உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர் என்றால் அவர் வீட்டுக்கோ, அவர் சொல்லும் இடத்துக்கோ போலீஸ் போக வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பு ஆசிரியரையோ உடன் அழைத்துப்போய், அதை வீடியோ எடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் காசில்லாமல் தர வேண்டும். இத்தனையும் பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவில் இருக்கின்றன. பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இது எந்த ஸ்டேஷன் சுவரிலும் எழுதி நான் பார்த்ததில்லை. இந்த வகைப் புகாரை வாங்கிப் பதியாத காவல் அதிகாரிக்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு கடுங்காவல் என்கிறது பி.என்.எஸ். 199. குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்றைச் சட்டமே விதித்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். புகாரை வாங்கவே மறுப்பது இரண்டாவது குற்றம் என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தப் பிரிவில் வழக்கைச் சந்தித்த அதிகாரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சாமானியப் பெண்களுக்குத்தான் இந்த நிலைமை என்று நினைக்க வேண்டாம். 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு பெண் எஸ்.பி., தன் மேலதிகாரியான சிறப்பு டி.ஜி.பி. தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் வந்தார். பரனூர் சுங்கச்சாவடியில் போலீஸ் படையே நின்று அவரை மறித்தது. மறிக்க அனுப்பப்பட்டவர் இன்னொரு எஸ்.பி. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த டி.ஜி.பி.க்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. தோளில் நட்சத்திரமும் அசோகச் சின்னமும் அணிந்த ஒரு பெண்ணையே புகார் கொடுக்க விடாமல் நெடுஞ்சாலையில் நிறுத்த முடிந்தது என்றால், மஞ்சள் பையோடு பேருந்து ஏறி வரும் அம்மாவை நிறுத்த சுங்கச்சாவடி எதற்கு? ஒரு ரைட்டரின் முறைப்பு போதும்.

இதையெல்லாம் உடைக்கத்தான் 1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். மாநிலத்துக்கே முன்னோடியான ஏற்பாடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளடைவில் குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்த்து அனுப்பும் பழக்கம் அங்கே ஊறிவிட்டது. பேசித் தீர்க்கும் பழக்கத்தோடு வன்கொடுமைப் புகாரையும் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

வெளியே வந்த பெயர்கள்

எஃப்.ஐ.ஆர். பதிந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் பெயருக்கு யார் காவல்?

2019-ல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெடித்தபோது, பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை ஊடகத்தின் முன் சொன்னவர் ஒரு உயர் காவல் அதிகாரி. விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அவர் விவரங்கள் அச்சாகி வெளியாயின. மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. போலீஸ் பாடம் கற்றிருக்கும் என்று எல்லோரும் நம்பினோம். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தாக்கப்பட்டார். மறுநாள் துணிந்து புகார் கொடுத்தார். பாலியல் குற்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏறவே கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த மாணவியின் எஃப்.ஐ.ஆர். ஏறியது; பலர் அதைப் பதிவிறக்கிப் பரப்பினார்கள். புதிய சட்டத்துக்கு மென்பொருளை மாற்றும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. உயர் நீதிமன்றம் மீண்டும் அதே 25 லட்சம் ரூபாயை அந்த மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக அரசு தர வேண்டும் என்றது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டிருந்த மொழியையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். குற்றத்தைப் பதிவதுபோல் இல்லாமல் பெண்ணைக் குறை சொல்வதுபோல் இருந்தது அது.

அந்த வழக்கில் ஐந்தே மாதத்தில் தீர்ப்பு வந்தது. 2025 ஜூன் 2 அன்று சென்னை மகிளா நீதிமன்றம், குறைந்தது 30 ஆண்டு எந்தச் சலுகையும் இல்லாத ஆயுள் தண்டனை விதித்தது. அதற்குச் சில வாரம் முன்பு, மே 13 அன்று கோவை மகிளா நீதிமன்றம் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனையும், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. அங்கே சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. ஆறு ஆண்டு காலம் மிரட்டலுக்கும் ஆசைக்கும் மசியாமல் நின்ற அந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதும் நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான்.

மருத்துவமனையில்

போலீஸ் மெமோ இல்லாமல் தொடமாட்டோம் என்று சொல்லும் மருத்துவமனைகள் இன்றும் இருக்கின்றன. இந்தப் பழக்கத்தை 2000-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்துவிட்டது. பாதிக்கப்பட்டவர் நேராக வந்தாலும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதமில்லை. சிகிச்சை உடனே, இலவசமாக. மறுத்தால் ஓராண்டுவரை சிறை. புகார் பதிவானால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை ஏழு நாளில் போலீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே அவர் சம்மதம் வேண்டும். பரிசோதனையில் எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று அவர் பிரித்துச் சொல்லலாம். போலீசுக்குப் போக விருப்பமில்லை, சிகிச்சை மட்டும் கொடுங்கள் என்றும் கேட்கலாம். 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையே இதைச் சொல்கிறது. கன்னித்தன்மை பார்ப்பதாகச் சொல்லி நடந்துவந்த இரு விரல் பரிசோதனை 2013-லேயே அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பானது. அப்படியும் நிற்காததால் 2022 ஏப்ரலில் மதுரைக் கிளை அதைத் தடை செய்யத் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி இதைச் செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவராவார் என்றது. ஒரு தீர்ப்பு ஆஸ்பத்திரி வார்டுவரை நடந்து வர ஒன்பது ஆண்டு ஆகியிருக்கிறது!

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள். காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் கவரில் ஈரம் பூத்துத் தடயம் கெட்டுவிடும். ஆனால் பயத்திலும் அருவருப்பிலும் அவள் குளித்துவிட்டாள், துணியை எரித்துவிட்டாள் என்றால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். நம்பும்படியான அவள் வாய்மொழி ஒன்றே தண்டனைக்குப் போதும் என்று 1996-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. தாமதமாகப் புகார் கொடுத்தார் என்பதற்காகவும் அவரைச் சந்தேகிக்கக் கூடாது. குடும்ப மானம் என்று யோசித்துத்தான் வருவார்கள் என்பதை அதே தீர்ப்பு புரிந்துகொண்டு பேசுகிறது.

கூண்டில்

மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலத்தை (பழைய எண்ணை வைத்து எல்லோரும் '164' என்கிறார்கள், இப்போது 183) கூடியவரை பெண் மாஜிஸ்திரேட்தான் பதிய வேண்டும். புலன்விசாரணை இரண்டு மாதத்தில் முடிய வேண்டும். எதுவரை வந்திருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலாகி இரண்டு மாதத்தில் விசாரணையும் முடிய வேண்டும். காகிதத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. தாழ்வாரத்தில் இருப்பது வாய்தா. எதிரியின் வக்கீல் வரவில்லை, நீதிபதி பயிற்சிக்குப் போயிருக்கிறார், சாட்சிக்குச் சம்மன் சார்வாகவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் செலவு, 'எங்கே போற?' என்று கேட்கும் தெருவுக்குச் சொல்ல ஒரு பொய். சாட்சிகள் பிறழ்வது காசு வாங்கிக்கொண்டு மட்டுமல்ல, களைத்துப்போயும் பிறழ்கிறார்கள்.

குறுக்கு விசாரணை நாள் தனி. அவருடைய நடத்தை, முந்தைய உறவுகள் பற்றிக் கேட்கக் கூடாது என்று சட்டம் கதவை அடைத்துவிட்டது. ஜன்னல் வழியாக அதே கேள்வி வரும். "அந்த நேரத்துக்கு அங்கே ஏன் போனீங்க?", "எத்தனை நாளாப் போன்ல பேசுறீங்க?" நீதிபதி தலையிட்டு நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். எதிரியின் முகம் தெரியாமல் நடுவில் திரை போடலாம், சங்கடமான கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுத்து அவர் வாயால் கேட்கவைக்கலாம் என்று 2004-லேயே சாக்ஷி அமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. எளிதில் பாதிப்புக்குள்ளாகும் சாட்சிகளுக்கென்று மாவட்டந்தோறும் தனி சாட்சிய மையம் அமைக்க 2022-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. திரைக்கு ஆகும் செலவு ஒரு கம்பியும் நாலு மீட்டர் துணியும். கேட்டால் போட்டுக் கொடுக்கிறார்கள். கேட்கலாம் என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்வதில்லை.

அவருக்குச் சொந்தமாக வக்கீல் வைத்துக்கொள்ளலாம். அரசு வழக்கறிஞருக்கு உதவலாம், அனுமதி பெற்று எழுத்துப்பூர்வமாக வாதம் தரலாம். நேரடியாக எழுந்து குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு சரியல்ல என்பது என் எண்ணம். அரசு வழக்கறிஞர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் மேசையில் அன்றைக்கு முப்பது கட்டு இருக்கும். ஜாமீன் மனுவில் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்பது 2022 முதல் உறுதியாகிவிட்டது. லக்கிம்பூர் கேரி வழக்கில், விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்குப் பேச உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். விடுதலைத் தீர்ப்பு வந்தால் அரசு மேல்முறையீடு செய்யுமா என்று காத்திருக்க வேண்டாம், அவரே போகலாம். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு இதைவிட அழுத்தமான உரிமைகளைத் தருகிறது. குழந்தைகளுக்குப் போக்சோவில் சீருடை அணியாத காவலரிடம் வீட்டிலேயே வாக்குமூலம் கொடுக்கும் வசதி முதல், ஓராண்டில் விசாரணை முடிய வேண்டும் என்பதுவரை தனி ஏற்பாடு.

'சமாதானம்' என்ற சொல்லைத் தனியாகப் பேசியாக வேண்டும். 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சிறுமியைச் சீரழித்துத் தண்டனை பெற்றவனுக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசட்டும் என்று ஜாமீன் கொடுத்தது. அதற்குள் அந்தப் பெண் ஒரு குழந்தைக்குத் தாய். பேச்சுவார்த்தைக்கு வரமாட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த சில நாட்களில், வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் பாலியல் வன்கொடுமையில் சமரசத்துக்கே இடமில்லை என்று கூற, உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. மத்தியப் பிரதேசத்தில், பாலியல் அத்துமீறல் செய்தவன் அந்தப் பெண் கையால் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஜாமீன் நிபந்தனை விதிக்கப்பட்டதையும் 2021-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் 'கட்டிவச்சுடலாம்' என்று சொல்கிறவருக்கும் இந்த உத்தரவுகளுக்கும் உள்ள தூரம் எவ்வளவு?

கேட்காமல் போகும் பணம்

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டப்படி வன்கொடுமைக்கு ஆளானவருக்கு இழப்பீடு குறைந்தது 4 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய்; கூட்டு வன்கொடுமை என்றால் 5 முதல் 10 லட்சம். தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை, எதிரி யார் என்றே தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம், இடைக்கால உதவியும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுத்தால் போதும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீலும் அங்கேயே கிடைப்பார். தொலைபேசி எண் 15100. பல பெண்கள் அந்த அலுவலக வாசலைக் கடந்துதான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் வருகிறார்கள்.

1993 பிப்ரவரியில் ராஞ்சியிலிருந்து தில்லிக்குப் போன மூரி எக்ஸ்பிரஸில், வீட்டு வேலைக்குப் பிழைக்கப்போன நான்கு பழங்குடிப் பெண்கள் ராணுவத்தினரால் தாக்கப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. அதில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். புகார் கொடுக்க வரும் பெண்ணிடம், விசாரணைக்கு முன்பே, 'உனக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு' என்று போலீஸ் சொல்ல வேண்டும். சொன்னதை அறிக்கையில் எழுத வேண்டும். உதவத் தயாராக இருக்கும் வக்கீல்களின் பட்டியல் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். இது 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு. அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தால், இந்தக் கட்டுரையில் 'யாரும் சொல்வதில்லை' என்று நான் எழுதியிருக்கும் இடங்களில் பாதி இருந்திருக்காது. அந்தப் பட்டியல் எங்கே என்று நான் கேட்ட நிலையங்களில், எந்தப் பட்டியல் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள்.

வாச்சாத்தி

உரிமை என்பது என்ன விலைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குப் போக வேண்டும். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை சேர்ந்து அந்த மலைவாழ் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், ஊரையே அடித்து இழுத்துப்போனார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள். பிறகு அந்தப் பெண்களையே சந்தனம் கடத்தியவர்கள் என்று சிறையில் தள்ளினார்கள். புகார் வாங்க வேண்டியவர்களே எதிரிகள் என்றால் எந்த ஸ்டேஷனுக்குப் போவது? அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய்ப் பார்த்து உண்மையை அறிக்கையாக எழுதினார். 1995-ல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, நீதிபதி பி.வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்டனையை உறுதி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார்.

பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் அவர்களில் உண்டு. முப்பத்தோரு ஆண்டு. அடையாள அணிவகுப்பில் வரிசையாக நின்ற ஆண்களில் இவன்தான் என்று விரல் நீட்டிக் காட்டிய அந்தப் பெண்களுக்கு எந்தச் சட்டப் பிரிவின் எண்ணும் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தது. பாதிக்கப்பட்டவரோடு கூட நடக்க ஒரு ஆள் இருக்கும் வழக்குக்கும் இல்லாத வழக்குக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எல்லாத் தாழ்வாரங்களிலும் பார்க்கிறேன். மாவட்டந்தோறும் சகி ஒருங்கிணைந்த சேவை மையமும் 181 உதவி எண்ணும் இருப்பது அந்த ஆளைத் தருவதற்காகத்தான். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு வேலைப் பாதுகாப்பும் முறையான சம்பளமும் கொடுத்தால்தான் அவர்களால் இன்னொருத்திக்குத் துணை நிற்க முடியும்.

சட்டம் இன்னும் பார்க்க மறுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். கணவனால் வன்கொடுமைக்கு ஆளாகும் மனைவி, பதினெட்டு வயதைத் தாண்டியவர் என்றால், பி.என்.எஸ். 63-ன் விதிவிலக்கு அவளை வெளியே நிறுத்துகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு போனபின், தாக்கப்படும் ஆணும் திருநங்கையும் வன்கொடுமை என்ற சொல்லுக்கு உள்ளேயே இல்லை. திருநங்கைகளுக்கான தனிச் சட்டத்தில் பாலியல் கொடுமைக்கு அதிகபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுதான். அவர்கள் உடம்பின் மதிப்பு அவ்வளவுதான் என்று ஒரு சட்டம் எழுதிவைப்பது அநியாயம்.

தாழ்வாரத்துக்குத் திரும்புகிறேன். அன்றைக்கு மூன்று முறை பெயர் கேட்டதும் அந்தப் பெண் எழுந்து உள்ளே போனார். வாய்தா போட்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்த அம்மாவை சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இளம் பெண் வக்கீல் ஒருவர் பார்த்துப் பேசினார். "அக்கா, அடுத்த தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்னு ஒரு மனு போட்டுடலாம். திரையும் கேட்டுக்குவோம்."

"அப்படியெல்லாம் கேக்கலாமாம்மா?"

பெஞ்சிலேயே உட்கார்ந்து, கோப்பு அட்டையை மடியில் வைத்து, அரைப் பக்கத்தில் மனு எழுதினார் வக்கீல். மகள் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாய்தாவுக்கும் நான் போயிருந்தேன். டவாலி வெளியே வந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். பெஞ்சுக்கு நேராக நடந்து வந்து, குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத குரலில், "வாங்கம்மா" என்றார். அந்தப் பெண் துப்பட்டாவைத் தோளுக்கு இறக்கிவிட்டு உள்ளே போனார்.